அமெரிக்காவில் வேலை போனால் இன்சூரன்ஸும் போவது ஏன்?

அமெரிக்காவில் லே-ஆஃப் என்றால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. பலருக்குக் குடும்பத்தின் மருத்துவ இன்சூரன்ஸும் சேர்ந்தே போய்விடும். இந்த ஏற்பாடு பரவியதற்கு முக்கியக் காரணம், இரண்டாம் உலகப் போர்.

போருக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் போரில் சுமார் 1.6 கோடி அமெரிக்கர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. கம்பெனிகள் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றினால் விலைவாசி எகிறும். எனவே 1942-ல் ரூஸ்வெல்ட் அரசு சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆனால் நியாயமான அளவிலான இன்சூரன்ஸ், பென்ஷனுக்கு விலக்கு இருந்தது. விடுவார்களா? கம்பெனிகள் இன்சூரன்ஸைக் காட்டி ஆள் பிடித்தன.

போர் முடிந்தும் ஏன் மாறவில்லை?

1945-ல் அதிபர் ட்ரூமன் எல்லோருக்குமான தேசிய மருத்துவக் காப்பீட்டை முன்மொழிந்தார். மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை. 1954 வரிச் சட்டமோ, ஊழியருக்காகக் கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரி இல்லை என்று உறுதி செய்தது. இரு தரப்புக்கும் லாபம்; ஏற்பாடு நிலைத்துவிட்டது.

இன்று?

15 கோடிக்கும் மேற்பட்டோர் வேலை வழியாகவே இன்சூரன்ஸ் பெறுகிறார்கள். வேலை போனால், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள பெரும்பாலான நிறுவனங்களில், 'கோப்ரா' சட்டப்படி பொதுவாக 18 மாதம்வரை பழைய இன்சூரன்ஸைத் தொடரலாம். முடிவெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதுவரை கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும், சம்பளம் நின்றுபோன அந்த நேரத்தில், நாமேதான் கட்டணும்.