நாஞ்சில் நாடு கற்பிக்கும் பாடம்

பணியின் பொருட்டும் வணிகத்தின் பொருட்டும் நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரம், முன்னாளில் இருமொழி வழங்கிய திருவிதாங்கூர் நாட்டின் தலைநகராகும். அந்நாட்டின் பெரும்பகுதியில் மலையாளமும், தெற்கே நாஞ்சில் நாட்டில் தமிழும் வழங்கின. தாய்மொழிக் கல்வியால் ஒரு சமுதாயம் எங்ஙனம் உயரும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

1817-ஆம் ஆண்டில் இராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். 1834-இல் இந்நகரில் ஆங்கிலப் பள்ளி தோன்றியது. அது சிலரை அரசுப் பணியில் அமர்த்தியது உண்மையே. ஆயினும், எழுத்தறிவைக் குடிசைவரை கொண்டு சென்றவை தாய்மொழிப் பள்ளிகளே.

நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் படிப்புடன் சரிகைப் பின்னலும் கற்பிக்கப்பட்டது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்படுவதற்கு முன்பே, அடிமைப் பெண்கள் சிலர் அத்தொழிலின் ஊதியத்தால் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். எழுத்தும் தொழிலும் கைகோத்தபோது விளைந்த பயன் இது.

தாய்மொழிப் பற்று ஆங்கிலத்திற்குப் பகையன்று. இந்நகர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைத் தழுவி 1891-இல் 'மனோன்மணீயம்' என்னும் தமிழ் நாடகத்தை வெளியிட்டார். ஆங்கிலத்தில் பெற்றதைத் தமிழில் வழங்கியதன்றோ அவர் பெருமை!

1956 நவம்பர் 1-ஆம் நாள் தென் வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றது அம்மாவட்டமே; அதன் விழுக்காடு 91.75. பள்ளிகள் பல தலைமுறைகளாக இட்ட வித்தின் விளைவன்றோ இது?

எல்லை பிரிந்த அதே 1956-இல், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. சட்டம் வழி திறந்துவிட்டது. அவ்வழியே நடக்க வேண்டியவர் நாம். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் சேராவிடில் அவ்வகுப்பு நிலைப்பதெங்ஙனம்? "தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா?" என வினவும் பெற்றோர், தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள நாகர்கோவிலை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. பள்ளியில் இடமில்லையெனில், மாலையில் அரைமணி நேரம் வீட்டிலேனும் நம் மக்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம்.