ஒரு டி-ஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பு... திருப்பூர் வளர்ந்தபோது நொய்யல் கொடுத்த விலை என்ன?

நீங்கள் போட்டிருக்கும் பருத்தி டி-ஷர்ட்டின் எடை 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். அது கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர்நிறம் என்றால், சாயம் ஏற்றும்போது மட்டும் 100 கிராம் அளவுக்கு உப்பு சேர்த்திருப்பார்கள். அந்த உப்பில் ஒரு கல்கூட இப்போது உங்கள் சட்டையில் இல்லை. எல்லாம் சாயத்தண்ணியோடு வெளியே போயாச்சு.

வெளியே என்றால் எங்கே? இந்தக் கேள்விதான் திருப்பூரையும் நொய்யல் ஆற்றையும் முப்பது வருஷமாகக் கோர்ட் வாசலில் நிற்க வைத்தது. வளரும் நாடுகளில் தொழில் வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் நடக்கும் இழுபறியைப் புரிந்துகொள்ள, நம்ம ஊரிலேயே இருக்கும் உதாரணம் இது.

சாயத்துக்கு எதுக்கு உப்பு?

தண்ணீரில் நனைந்த பருத்தி நூலும், அதில் கரைந்த சாயமும் ஒரே மாதிரி மின்னேற்றம் கொண்டவை. ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் குறைந்து, சாயம் நூலுக்குள் போகும். அப்புறம் சோடா சேர்த்தால் நிறம் பிடித்துக்கொள்ளும். அடர்நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்புகூட ஆகும்.

சிக்கல் என்னவென்றால், உப்பு இதில் தூது போகிற வேலையை மட்டும்தான் செய்கிறது. அது செலவாவதே இல்லை. போட்ட அளவு அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். கூடவே, துணியில் ஒட்டாத சாயமும் வரும்.

நிறத்தை எடுக்க வழி உண்டு. சுண்ணாம்பு போட்டு, படிய வைத்து, வடிகட்டினால் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் கரைந்த உப்பு அதிலேயே இருக்கும். ஆரம்பகால சுத்திகரிப்பு நிலையங்கள் செய்தது பெரும்பாலும் இவ்வளவுதான். தெளிவான, ஆனால் பயிருக்கு ஆகாத தண்ணீர் ஆற்றில் போய்க்கொண்டே இருந்தது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. சாயத்தண்ணி அதைப் பல மடங்கு தாண்டும்.

பனியன் ஊர் டாலர் ஊரானது எப்படி?

1980களின் நடுவில் திருப்பூரின் ஏற்றுமதி பத்து, இருபது கோடி ரூபாய் அளவில்தான் இருந்தது. உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்த ஊர் அது. அப்புறம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கலர் டி-ஷர்ட் கேட்டன. இன்று ஆண்டு ஏற்றுமதி சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். நேரடியாக மட்டும் ஆறு லட்சம் பேருக்கு வேலை என்பது ஏற்றுமதியாளர்கள் சொல்லும் கணக்கு. மதுரை, திருச்சி, தஞ்சாவூர் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து ரயில் ஏறி வருகிறார்கள். விவசாயத்தில் கூலி கிடைக்காத குடும்பங்களுக்குத் தையல் மெஷின் சோறு போட்டது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட்டு நொய்யல் கதையைப் பேசினால் அது பாதிக் கதைதான்.

வெள்ளை பனியனுக்குச் சலவை போதும். கலருக்குச் சாயப்பட்டறை வேண்டும். நொய்யல் ஓரத்திலும், அதில் சேரும் ஓடைகளின் ஓரத்திலும் நூற்றுக்கணக்கில் பட்டறைகள் முளைத்தன. பெரும்பாலானவை சின்ன யூனிட்கள். அவர்களுக்கு ஜாப் ஒர்க்தான் தொழில். கம்பெனி துணி கொடுக்கும், பட்டறை கிலோ கணக்கில் கூலி வாங்கிச் சாயம் போட்டுக் கொடுக்கும். அந்தக் கூலிக்குள் கழிவுநீர்ச் செலவு என்று ஒன்று இருக்கவே இல்லை. அந்தச் செலவை வேறு யாரோ கட்டினார்கள்.

யார் கட்டினார்கள்?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது நொய்யல். திருப்பூருக்குக் கீழே சுமார் 30 கி.மீ. தூரத்தில், சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தர 1992இல் கட்டி முடித்தார்கள். மழை குறைந்த கொங்கு நாட்டில் ஒரு அணை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பக்க விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

ஆனால் அணை வந்த அதே நேரத்தில்தான் ஏற்றுமதியும் சூடு பிடித்தது. மழை வெள்ளம் தேங்கவேண்டிய இடத்தில் சாயத்தண்ணி தேங்கியது. தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை உப்பாக்கியது. திறந்துவிட்டால் கரூர் பக்கம் வயலும் கிணறும் கெட்டன. கடைசியில் எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ, அவர்களே 'தண்ணீரைத் தேக்காதீங்க' என்று கேட்கும் நிலை வந்தது. பாசன அணை ஒன்று சாயக்கழிவுத் தொட்டியானது உலகத்திலேயே அபூர்வமான சாதனைதான்!

உப்பு ஏறிய மண்ணில் நெல், மஞ்சள், வாழை எல்லாம் போகும். தென்னை கொஞ்ச நாள் தாங்கும். கிணற்றுத் தண்ணீரை ஆடு மாடும் குடிக்காது. குடிக்கிற தண்ணீரை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டியதாகிவிட்டது.

இதில் இன்னொரு முரண். திருப்பூரின் நிலத்தடி நீரும் உப்பாகிவிட்டதால், சாயம் போடவே நல்ல தண்ணீர் இல்லாமல் போனது. பவானி பக்கம் காவிரியிலிருந்து குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை, சுமார் ஆயிரம் கோடி ரூபாய் செலவில் போடவேண்டி வந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரின் கட்டணம் பட்டறைகளின் தலையில்தான் விழுந்தது.

கோர்ட் என்ன சொன்னது?

1996இல் உச்ச நீதிமன்றம், வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று அப்போது உறுதியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையமும் அமைந்தது.

அந்தக் கொள்கையைத்தான் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கையில் எடுத்தார்கள். அவர்கள் சங்கம் போட்ட வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது: 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத நிலைக்கு வரவேண்டும்; அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். அந்த அபராதம் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை படிப்படியாக ஏறும். பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் கொள்கை மாறவில்லை. மூன்று மாத அவகாசம் மட்டும் கிடைத்தது.

அதுவும் நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் அதிகமான யூனிட்கள். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சாயம் நின்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, காஜா பட்டன் இல்லை. ஆர்டர் கையில் இருந்த கம்பெனிகள் துணியை லாரியில் ஏற்றி வெளி ஊர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயம் போட அனுப்பின. பல தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சில பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களுக்கு நகர, அங்கே புதிதாகப் புகார்கள் கிளம்பின.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஒரு பக்கம் கிணறு போன சின்ன விவசாயி. இன்னொரு பக்கம் வேலை போன தையல்காரர். இருவருமே கோடீஸ்வரர்கள் இல்லை. டி-ஷர்ட்டை மலிவாக வாங்கிய கடைக்காரரும், அதைப் போட்டுக்கொண்டவரும் இந்த வழக்கில் எங்கேயும் இல்லை.

இழப்பீடு கிடைத்ததா?

ஆணையம் கணக்குப் போட்டது. 28 ஆயிரத்துக்கும் அதிகமான விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரம்கூட வரவில்லை. கிணறு வெட்டும் கூலிக்கே அது பத்தாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது எப்படி நடக்கிறது?

மூடலுக்குப் பிறகு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. புதிய முறையில் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் நுண்ணுயிர்களை வைத்துக் கழிவைச் சிதைப்பார்கள். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளுவார்கள். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பிப் போகும். மிஞ்சும் அடர்ந்த உப்புத்தண்ணியையும் முடிந்த அளவு அப்படியே அடுத்த சாயத்துக்குப் பயன்படுத்துவார்கள். உப்புத்தண்ணியையே மறுபடி ஓட்டலாம் என்று கண்டுபிடித்ததுதான் திருப்பூருக்கு உயிர் கொடுத்தது. கடைசியில் மிஞ்சுவதைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பாக்குவார்கள்.

படிக்க அருமையாக இருக்கிறது இல்லையா? ஆனால் காய்ச்ச விறகு வேணுமே! ஒரு லிட்டர் தண்ணீரை முழுசாக ஆவியாக்க, சுமார் 0.6 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. ஒரு கலத்தில் எழும் ஆவியை வைத்தே அடுத்த கலத்தைச் சூடாக்கி இதைக் குறைக்கிறார்கள். அப்படியும் பாய்லர் எரிந்துகொண்டேதான் இருக்கவேண்டும். ஆற்றுக்குப் போன மாசில் ஒரு பங்கு இப்போது புகைபோக்கி வழியாகப் போகிறது.

கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பு அடுத்த தலைவலி. சுத்தமாகப் பிரியாத அதைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது, குப்பையில் கொட்டவும் முடியாது. மழையில் நனைந்தால் மறுபடி தண்ணீரோடு ஓடிவிடும். அதனால் சுத்திகரிப்பு நிலைய வளாகங்களிலேயே கொட்டகை போட்டு மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள்.

'முதலில் வளரலாம், பிறகு சுத்தம் செய்யலாம்' சரியா?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு வளைகோடு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் ஜீன் கிராஸ்மேன், ஆலன் குரூகர் ஆய்வுகளால் பிரபலமானது. வருமானம் கூடும்போது மாசு முதலில் ஏறும், ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும் என்பது அதன் சாரம்.

திருப்பூரைப் பார்த்தால் கோடு இறங்கியது உண்மை. ஆனால் பணம் வந்ததும் தானாக இறங்கவில்லை. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தியதால் இறங்கியது. அவர்கள் வழக்கு நடத்த ஒரு கோர்ட்டும், காட்ட ஒரு விதியும் இருந்தது. அது இல்லாத ஊர்களில் கோடு ஏறிய இடத்திலேயே நிற்கலாம்.

அதோடு, சுத்தம் செய்யும் செலவு இப்போது திருப்பூர் துணியின் விலையில் ஏறியிருக்கிறது. சந்தையில் போட்டியிடும் வங்கதேசத்தில் எல்லாப் பட்டறைக்கும் ஜீரோ டிஸ்சார்ஜ் கட்டாயம் இல்லை; ஐரோப்பாவில் அவர்களுக்கு வரிச் சலுகையும் உண்டு. டாக்காவைச் சுற்றியுள்ள ஆறுகள் நொய்யல் இருந்த நிலையில் ஓடுகின்றன. வாங்குபவர் விலையை மட்டும் ஒப்பிட்டால், ஆற்றைக் காப்பாற்றிய ஊர்தான் நஷ்டப்படும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூர் கம்பெனிகள் விலையைக் குறைக்க இடம் தேடித் திணறின. சுத்திகரிப்புச் செலவு என்பது குறைத்தால் வெளியில் உடனே தெரியாத செலவு. ஆபத்து அங்கேதான்.

நொய்யலில் இப்போது என்ன நிலை?

பழைய மாதிரி வெளிப்படையாக ஓடும் சாயக்கழிவு இல்லை. ஆனால் மழைக்காலத்தில், வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுவதாகப் புகார்கள் இன்னும் வருகின்றன. சிக்கும் யூனிட்களுக்கு வாரியம் மின் இணைப்பைத் துண்டிக்கிறது. ஆற்றில் கலக்கும் வீட்டுச் சாக்கடை தனிக் கணக்கு. மண்ணுக்குள் இறங்கிய பழைய உப்பைக் கழுவ மழை மட்டும்தான் வழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்தப் பகுதியில் அது வருஷக்கணக்கில் மெதுவாகத்தான் நடக்கும்.