சந்தை ஓர்கனும் அதன் இசையும்: கைத்தொழில் யுகத்து வெகுசனக் கலையொன்றின் சமூக வரலாறு

ஐரோப்பிய இசை வரலாறு பெரும்பாலும் தேவாலயங்களையும் அரசவைகளையும் கச்சேரி மண்டபங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பெருந்தொகையான தொழிலாளர் குடும்பங்கள் இசையைக் கேட்ட இடங்களோ வேறானவை. தெருமுனை, மதுச்சாலை, ஆண்டுக்கொருமுறை கூடும் சந்தை என்பனவே அவை. அச்சந்தைகளில் குதிரை ராட்டினங்களின் நடுவே நின்று முழங்கிய இயந்திர ஓர்கன், இசை வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பளவு இடத்தையேனும் பெறுவது அரிது. மேட்டிமையோர் அதனை இரைச்சல் என ஒதுக்கினர். பிற்காலத்து ஆர்வலர் அதனைப் பழமையின் இனிமை எனப் போற்றுகின்றனர். இவ்விரு நோக்குகளும் அக்கருவி தோன்றி வளர்ந்த சமூக உறவுகளை மறைத்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஓர்கனின் தொழில்நுட்ப வரலாறு நெசவுத் தொழிலின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்தது. பழைய இயந்திர ஓர்கனில் ஊசிகள் பதித்த மர உருளை ஒன்று சுழலும். ஊசி ஒவ்வொன்றும் ஒரு நெம்பினைத் தூக்க, அடைப்பிதழ் திறந்து, துருத்தியின் காற்றுக் குழலினுட் புகும். 1725இல் லியோன் நகரத்துப் பட்டுத் தொழிலைச் சேர்ந்த பசில் பூஷோன், தறியின் நூல்களைத் தெரிவதற்குத் துளையிட்ட தாளைப் பயன்படுத்தினார். அவர் ஓர்கன் செய்பவர் ஒருவரின் மகன் என்று கூறப்படுவது மனங்கொள்ளத்தக்கது. 1738இல் குழலூதும் இயந்திரப் பொம்மையைப் பாரிஸில் காட்சிக்கு வைத்த வோக்கன்சனே 1745இல் தானியங்கித் தறியொன்றையும் அமைத்தார். இம்முயற்சிகளின் முதிர்ந்த வடிவமே 1804ஆம் ஆண்டளவில் ஜக்கார் அமைத்த துளையட்டைத் தறியாகும். 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ், வோக்கன்சன் போன்றோரின் கண்டுபிடிப்புகளை நடைமுறைப்படுத்தக்கூடிய திறன்மிக்க தொழிலாளர் ஏலவே உருவாகியிருந்தமையைச் சுட்டிக்காட்டுகிறார். ஓர்கனுக்கும் இது பொருந்தும். ஜேர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்திலுள்ள வால்ட்கேர்ஹ் நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்னாஸ் பிளாசியஸ் புரூடர் தொடக்கிவைத்த ஓர்கன் தொழில், அப்பிரதேசத்தில் முன்னரே வேரூன்றியிருந்த மரவேலை, கடிகாரத் தொழில் ஆகியவற்றின் பயிற்சியிலிருந்தே எழுந்தது.

ஆயினும், கருவி பரவிய முறையினை வர்க்க முரண்பாட்டினின்றும் பிரித்து நோக்கமுடியாது. கைப்பிடியைச் சுழற்றித் தெருவில் வாசித்தோருட் பலர் இத்தாலியக் கிராமங்களின் வறுமையால் இலண்டனுக்கும் பாரிஸுக்கும் பெயர்ந்தவர்கள். கருவி பெரும்பாலும் அவர்களுடையதன்று. முதலாளியிடம் வாடகைக்கு எடுத்ததே. சிறுவர்களை அழைத்துவந்து தெருவில் உழைக்கவிட்டு வருவாயைப் பறித்தெடுத்தோரும் இருந்தனர். இவ்வுண்மையை மறந்து தெரு இசையைக் கவிதைப்படுத்துவது தவறாகும். ஆனால், அக்காலத்து ஆளும் வர்க்கத்தினரைப் பெரிதும் உறுத்தியது இச்சுரண்டலன்று, அதன் ஓசையே. மதுபான உற்பத்தியாளரும் பாராளுமன்ற உறுப்பினருமான மைக்கேல் தோமஸ் பாஸ் கொண்டுவந்த இலண்டன் தெரு இசைச் சட்டம் 1864இல் நிறைவேறியது. தன் வீட்டருகே வாசிப்பவரை நோயையோ வேலைத் தடையையோ காரணங்காட்டி அகற்றும் உரிமையை அது வீட்டுக்காரருக்கு வழங்கியது. சார்ள்ஸ் டிக்கின்ஸ், தெனிசன், கார்லைல் முதலியோர் பாஸுக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டனர். நகரத்து ஏழைகளின் துயரைத் தம் நாவல்களிற் தீட்டிய டிக்கின்ஸ், அவ்வேழைகளின் இசை தம் சாளரத்தடியில் எழுந்தபோது எந்தப் பக்கம் நின்றார் என்பது இலக்கிய மாணவர் சிந்திக்கவேண்டிய விடயமாகும்.

இப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற மற்றொருவர் கணித அறிஞர் சார்ள்ஸ் பபேஜ். அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம் ஜக்காரின் துளையட்டைகளாலேயே இயக்கப்படவிருந்தது. தெரு ஓர்கனைத் தம் வாழ்நாள் எதிரியாகக் கருதிய அவர் 1871இல் மறைந்தார். 1892இல் அதே துளையட்டை ஓர்கனுக்குள் புகுந்தது. கணிப்பானின் முன்னோடியும் சந்தை ஓர்கனும் ஒரே தறியின் வழிவந்தவை. ஒன்றை அறிவென்றும் மற்றதைத் தொல்லையென்றும் வகுத்தது தொழில்நுட்பமன்று, சமூக நிலையே.

1892ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். இத்தாலியின் மொடெனாவிலிருந்து 1845இல் பாரிஸுக்கு வந்த கவியோலி குடும்பத்தினர், அவ்வாண்டில் துளையிட்ட தடித்த அட்டைகளை மடித்துத் தொடுத்த 'இசைப் புத்தக'த்துக்கு ஆக்கவுரிமை பெற்றனர். அட்டை நகர்கையில், துளை வந்த இடத்தில் சிறு உலோக நெம்பு மேலெழும். அதற்குரிய குழல் ஒலிக்கும். உருளையில் பதிக்கக்கூடிய பாட்டுகள் சிலவே. ஒவ்வொன்றும் உருளையின் சுற்றளவுக்குள் அடங்கவேண்டும். புதிய பாட்டுக்குப் புதிய உருளை தேவை. புத்தகத்துக்கு இந்த எல்லைகள் இல்லை. ரொசினியின் முன்னிசை முழுவதையும் வாசிக்கலாம். நாடக மேடையில் நேற்றுப் பிரபலமான பாட்டையும் குறுகிய காலத்தில் சந்தைக்குக் கொண்டுவரலாம். பொருளாதார நோக்கில் இதன் விளைவு ஆழமானது. கருவியை ஒருமுறை விற்ற நிறுவனம் இசையைப் பன்முறை விற்கலாயிற்று. கருவியிலிருந்து பிரிந்து, தனியே வாங்கி விற்கப்படும் பண்டமாக இசை மாறியதன் தொடக்ககாலச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

இப்பண்டத்தை உருவாக்கிய உழைப்பையும் நோக்குதல் வேண்டும். ஓர்கனின் குழல்கள் இன்னிசை, எதிரிசை, துணையிசை, அடியொலி எனப் பகுக்கப்பட்டிருந்தன. அடியொலிப் பகுதியிலே சில சுரங்களே இருக்கும். ஆகவே, மூலத்தை அப்படியே பெயர்த்தெழுத இயலாது. இசைக் குறிப்பாளர் அதனைக் கருவியின் இயல்புக்கேற்ப மறுபடைப்புச் செய்து, அட்டையிற் கோடிட்டுக் கொடுப்பார். மற்றொருவர் காலால் இயக்கும் துளைப்பொறியில் ஒவ்வொரு துளையாக வெட்டுவார். ஒல்லாந்துத் தெரு ஓர்கனுக்குத் தனித்த ஒலியழகைத் தந்த கார்ல் ஃப்றை (1884–1967) போன்ற ஒருசிலரே பெயரறியப்பட்டவர்கள். பலருடைய பெயரை நாம் அறியோம். நிறுவனத்தின் பெயரோ ஓர்கனின் முகப்பிலே பொன்னெழுத்தில் மின்னியது. அம்முகப்பின் நடுவே மரத்தாலான இசைநடத்துநர் பொம்மை கைக்கோலை அசைத்து நின்றது. சந்தையிலே முன்னர் வாசித்த வாத்தியக் குழுவினரின் இடத்தை ஓர்கன் பிடித்துக்கொண்ட நிலையில், உயிருள்ள உழைப்பை மறைத்துப் பண்டமே தானாக இயங்குவதாகக் காட்டும் முதலாளித்துவ மயக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைப்பது கடினம்.

ஓர்கன் இத்துணைப் பெரிதாக வளர்ந்தமைக்கு நீராவியே உடனடிக் காரணம். 1865இல் சிட்னி சோம் என்பவர் நோர்ஃபோக் மாவட்டத்து எயில்ஷம் சந்தையில் நீராவியால் இயங்கும் ராட்டினத்தைக் காட்டினார். கிங்ஸ் லின் நகரத்துப் பிரடெரிக் சவேஜ் அதனைப் பெருந்தொழிலாக்கினார். இயந்திரத்தின் ஓசையையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் மீறி ஒலிக்க வேண்டியிருந்தமையால் காற்றழுத்தம் கூடிற்று. எக்காளக் குழல்களும் முரசுகளும் சேர்ந்தன. 110 விசைகள் கொண்ட கவியோலி ஓர்கன்கள் ஊர்சுற்றும் திரைப்படக் கொட்டகைகளின் முகப்புகளாயின. ஆலையிலே தொழிலாளியின் நேரத்தை அளந்த அதே நீராவி, சந்தை நாளிலே அவனைக் குதிரையில் ஏற்றிச் சுழற்றியது. அவன் கேட்டது ஒபெராவும் மதுச்சாலைப் பாட்டும் வால்ட்ஸ் நடனமும் படைநடை இசையும் ஒன்றுகலந்த இசை. ஒபெரா மண்டபத்தின் வாயில் தனக்கு அடைபட்டிருந்த காலத்தில், ரொசினியையும் சூப்பேயையும் அவன் திறந்த வெளியில் கட்டணமின்றிக் கேட்டான். வெகுசனக் கலையை வெறும் மயக்கமருந்தாகவே கொள்ளும் நம் தோழர் சிலர் இந்த முரணான உண்மையைக் கணக்கிலெடுத்தல் வேண்டும். வணிக நோக்கிலே பிறந்த கருவி, அந்நோக்கம் கருதாத பயனையும் நல்கியது.

வீழ்ச்சியும் இதே தர்க்கத்தின்வழியே வந்தது. முதலாம் உலகப் போருக்கு முன்னரே கவியோலி நிறுவனம் நலிவுற்றது. பிரெஞ்சு மொழியில் சந்தை ஓர்கனுக்கே பொதுப்பெயராகிவிட்ட லிமொனேர் நிறுவனமும், வால்ட்கேர்ஹின் பழைய பட்டறைகளும் 1930களில் மறைந்தன. மின்சார ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் குறைந்த செலவில் கூடிய ஓசையை அளித்தன. வாத்தியக் குழுவினரைப் புறந்தள்ளிய இயந்திரத்தைப் பிறிதோர் இயந்திரம் புறந்தள்ளியது.

1950களில் ஒல்லாந்திலும் பிரித்தானியாவிலும் ஆர்வலர் சங்கங்கள் தோன்றி எஞ்சியவற்றைக் காத்தன. ஊற்ரெக்ட் நகர அரும்பொருட்சாலையில் அவை இன்றும் ஒலிக்கின்றன. இப்பணி போற்றத்தக்கதே. எனினும், பொன்முலாம் புதுப்பிக்கப்பட்ட முகப்பின்முன் நிற்கும் பார்வையாளருக்குத் துளைவெட்டியவரின் கையும், வாடகை ஓர்கனைச் சுமந்த இத்தாலியச் சிறுவனின் தோளும் தெரிவதில்லை. அவற்றையும் காட்டுவதே வரலாற்றாய்வாளரின் கடமை. இசைக்கு இயந்திரம் பகையா துணையா என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. சந்தை ஓர்கனின் வரலாறு அவ்வினாவையே திருத்தி அமைக்கிறது. இயந்திரம் யார் கையில் இருந்தது, அதன் பயன் யாரைச் சேர்ந்தது, அதன் ஓசையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.