கைதட்டலிலிருந்து காதின் எதிரொலி வரை



பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, எங்கள் அம்மம்மா பின்னால் நின்று கைதட்டுவார். பிள்ளை திரும்பினால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நிழலைக் கண்டும் பிள்ளை திரும்பலாம் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

மருத்துவ உலகமும் இவ்வழியில்தான் வந்தது. 1944இல் மான்செஸ்டரில் யூயிங் தம்பதியர், ஒலி வரும் பக்கம் குழந்தை திரும்புவதைக் கவனிக்கும் சோதனையை விளக்கி எழுதினார்கள். அதற்குக் குழந்தை ஏழெட்டு மாதம் வளரவேண்டும். 1960களில் கொலராடோவில் மரியன் டவுன்ஸ், பிறந்த குழந்தைகளுக்கே ஒலி எழுப்பி, இமைத்தலையும் அசைவையும் கவனித்தார். அதிலும் பார்ப்பவரின் கண்ணையே நம்பவேண்டியிருந்தது.

1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், ஒலி கேட்ட உட்செவி தானும் மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புவதைக் காட்டினார். இன்று சிறு ஒலிவாங்கியைக் காதில் வைத்து, தூங்கும் பிள்ளையிடமே அதைப் பதிவுசெய்கிறார்கள். தலையில் மின்வாய்கள் ஒட்டி, செவி நரம்பின் பதிலைப் பார்க்கும் முறையும் உண்டு.

ஒன்ராறியோவில் 2001இல் தொடங்கிய குழந்தைச் செவிப்புலன் திட்டம் இச்சோதனைகளை இலவசமாகச் செய்கிறது. 2019 முதல் குதிக்கால் இரத்தத் துளியிலும் செவிக்குறைபாட்டுக்கான சில காரணங்களைத் தேடுகிறார்கள்.

மறுசோதனைக்கு அழைத்தால் பயப்படவேண்டாம். காதில் பிறப்பு நீர் தங்கினாலும் அப்படி வரும். ஆனால் போகாமல் விடாதீர்கள். "எங்கள் வீட்டில் எல்லோரும் பிந்தித்தான் பேசினவை" என்று காத்திருந்தால், மொழி பழகும் காலம் கைநழுவிவிடும்.