மூலநிரலிலிருந்து உரைக்குத் தாவுதல்

நிரல் எழுதுபவர் எடிட்டரில் ஒரு பெயரின் மேல் கர்சரை வைத்து விசையொன்றைத் தட்டினால், அந்தப் பெயருக்குரிய விளக்கப் பக்கம் திறக்கும் வசதி இது. விளக்கம் தனியாக உட்கார்ந்து எழுதப்பட்டதாக இராது; மூலநிரலுக்குள் கமெண்டுகளாகக் கிடப்பவற்றை ஒரு கருவி திரட்டிப் பக்கங்களாக்கித் தந்திருக்கும். இன்று பெரும்பாலான எடிட்டர்களில் இருப்பதால் இதற்கு வரலாறு உண்டு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

மூலமும் உரையும் பிரிந்து கிடக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போவது என்ற கேள்வி கணினியைவிடப் பழையது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழியை நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றாகவும், சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடமாகவும் பலர் அறிவர். 11-ஆம் நூற்றாண்டில் யாதவப் பிரகாசர் இவ்வூரில் வேதாந்தப் பாடம் சொன்னார் என்றும், இளம் இராமானுசர் அவரிடம் பயின்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் ‘கப்யாசம்’ என்ற ஒரே சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறம் என்று பொருள் சொல்ல, மாணவர் கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள் சொன்ன கதை வைணவர் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு பெயரிலிருந்து எந்த உரைக்குத் தாவுவது என்ற சிக்கல்தான் அது. ஒரே பெயரில் பல செயற்கூறுகள் உள்ள நிரலில் எடிட்டர் ஒரு பட்டியலைக் காட்டி ‘எது?’ என்று கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டியல் காட்டப்படவில்லை போலும்.

யாதவப் பிரகாசர் எழுதியதாகக் கொள்ளப்படும் ‘வைஜயந்தி’ என்ற வடமொழி நிகண்டு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. குஸ்தாவ் ஆப்பர்ட் இதனை 1893-இல் சென்னையில் பதிப்பித்தார். பல பொருள் ஒரு சொல் பகுதியில் சொற்களை அசை எண்ணிக்கை, பால், முதலெழுத்து என்ற அடிப்படையில் இந்நூல் வரிசைப்படுத்துகிறது. ஓதி மனப்பாடம் செய்வதற்காகவே நிகண்டுகள் இயற்றப்பட்ட காலத்தில், தேடி எடுப்பதற்கான ஒழுங்கு இது.

ஓலைச்சுவடியில் பக்க எண்ணை நம்ப முடியாது. படி எடுப்பவருக்குப் படி எடுப்பவர் ஓலையின் நீளம் மாறும். தொல்காப்பியத்தில் நூற்பாக்களின் எண்ணிக்கையே உரையாசிரியருக்கு உரையாசிரியர் வேறுபடுகிறது. ஆகவே உரைகாரர்கள் மூலத்தின் முதற்சொற்களை எடுத்து எழுதி, அதன்கீழ் உரை சொன்னார்கள். வடமொழியில் இதைப் பிரதீகம் என்பர், தமிழில் முதற்குறிப்பு. உ.வே. சாமிநாதையர் பதிப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியும் அரும்பத அகராதியும் சேர்ந்தபோது, இந்தத் தாவல் அச்சுப் பக்கத்தில் இருவழிப் பாதையாயிற்று.

கணினியில் இதே தீர்வு மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது. யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பரில் வெளிவந்தபோது மூலநிரலும் விளக்கமும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. பெர்க்லியில் கென் ஆர்னால்டு எழுதிய சிடேக்ஸ் என்ற கருவி 3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வெளியீட்டில் இடம்பெற்றது. அது உருவாக்கும் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் இருக்கும்: பெயர், அது உள்ள கோப்பு, அங்கே அதைக் கண்டுபிடிக்கும் வழி. மூன்றாவதாக வரி எண்ணைத் தரலாம். ஆனால் பெரும்பாலும் அந்த வரியின் சொற்களையே தேடல் வடிவமாகத் தந்தது. மேலே இரண்டு வரி சேர்த்தால் எண் மாறிவிடும், சொற்கள் மாறா. ஓலைக்காரர் செய்ததும் இதுவே.

சிடேக்ஸ் தாவியது மூலத்திலிருந்து மூலத்துக்கு, அதாவது பெயர் பயன்படும் இடத்திலிருந்து அது வரையறுக்கப்பட்ட இடத்துக்கு. உரைக்குத் தாவும் வழியை ஈமாக்ஸ் என்ற எடிட்டர் காட்டியது. அதன் செயற்கூறுகள் தத்தம் விளக்கத்தைத் தம்முடனேயே வைத்திருந்தன. எடிட்டரைக் கேட்டால் உடனே எடுத்துக் காட்டும். 1991-இல் பிராம் மூலினார் வெளியிட்ட விம் எடிட்டரிலோ ‘கே’ என்ற பெரிய எழுத்தை அழுத்தினால் கர்சரின் கீழுள்ள சொல்லுக்கான யூனிக்ஸ் கையேட்டுப் பக்கம் வரும்.

உரையை மூலத்துக்குள்ளேயே எழுதிப் பிறகு பிரித்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு டொனால்ட் நூத் 1984-இல் பெயர் சூட்டினார்: இலக்கிய நிரலாக்கம். அவருடைய வெப் அமைப்பில் ஒரே கோப்பிலிருந்து கணினிக்கான நிரலைப் பிரிக்கும் கருவிக்குச் சிக்கல் என்றும், மனிதர் படிக்கும் ஆவணத்தை ஆக்கும் கருவிக்கு நெய்தல் என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். தறியோசை கேட்டு வளர்ந்த காஞ்சிக்காரருக்கு இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. நூல் என்ற சொல்லுக்கு இழை, புத்தகம் என இரு பொருளும் தமிழில் முன்பே உண்டு.

நூத்தின் வழியைப் பின்பற்றியோர் சிலரே. நிரலாளர் கட்டுரையாளராகவும் இருக்க வேண்டும் என்று அது கேட்டது. 1996-இல் ஜாவாவோடு வந்த ஜாவாடாக் அவ்வளவு கேட்கவில்லை. சாய்கோட்டுக்குப் பின் இரண்டு நட்சத்திரக் குறியிட்டுத் தொடங்கும் கமெண்ட் போதும், அது வலைப்பக்கமாகிவிடும். மறு ஆண்டு டிமிட்ரி வான் ஹீஷின் டாக்சிஜன் சி++ மொழிக்கு அதையே செய்தது.

பக்கங்கள் பெருகியதும் பழைய கேள்வி புதிதாக எழுந்தது: இந்த வரியிலிருந்து அந்தப் பக்கத்தின் அந்த இடத்துக்கு எப்படிப் போவது? டாக்சிஜன் கேட்டால் ஒரு டேக் கோப்பைத் தரும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் உரிய பக்கமும் பக்கத்துக்குள் அதன் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். பைத்தான் உலகில் 2008-இல் வந்த ஸ்பிங்ஸ் கருவியும் இதுபோன்ற பொருட்பட்டியல் ஒன்றை உருவாக்குகிறது. ஜாவாடாக்குக்குப் பட்டியலே தேவைப்படவில்லை. தொகுதியின் பெயரே கோப்புறைப் பாதையாகவும், வகுப்பின் பெயரே கோப்பின் பெயராகவும் அமைந்ததால் எடிட்டர் முகவரியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த வசதிக்கும் விலை இருந்தது. 2014-இல் வந்த ஜாவா 8, பக்கத்துக்குள் இடத்தைச் சுட்டும் பெயர்களிலிருந்த அடைப்புக்குறிகளை நீக்கிச் சிறுகோடுகளை இட்டது. 2018-இல் ஜாவா 10 அடைப்புக்குறிகளுக்கே திரும்பியது. பழைய கணக்கில் தாவிய எடிட்டர்கள் சரியான பக்கத்தைத் திறந்து அதன் தலையில் போய் நின்றன. முகவரியை ஊகித்துத் தாவுவதைவிடப் பட்டியலைப் பார்த்துத் தாவுவது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2016 ஜூனில் மைக்ரோசாப்ட், ரெட் ஹேட், கோட்என்வி ஆகிய மூன்றும் அறிவித்த, எடிட்டரும் மொழிக்கருவிகளும் பேசிக்கொள்வதற்கான மொழிச்சேவையக நெறிமுறை வேறு திசையில் சென்றது. இப்போது கர்சரை வைத்தாலே விளக்கம் சிறு பெட்டியாக அங்கேயே மிதக்கிறது, தாவ வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் பெட்டியில் கிடைப்பது பதவுரை மட்டும். ஒரு தொகுதியின் போக்கு முழுவதையும் விளக்கும் அகலவுரைக்கு இன்னும் பக்கத்தைத் திறந்தாக வேண்டும்.

தமிழில் பெயரிட்டு எழுதும் நிரல்களில் இத்தாவல் இன்னும் தடுமாறுகிறது. பைத்தான் 3 பிற எழுத்துகளில் பெயர் வைக்க அனுமதிக்கிறது. ‘தமிழ்’ என்பது அதில் செல்லுபடியாகும் பெயர். ஆனால் அதே மொழியின் தேடல் நூலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. 2011-இலேயே இது பிழையாகப் பதிவாயிற்று. அந்த நூலகத்தை நம்பிச் சொற்களைப் பிரிக்கும் கருவிக்குத் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு; முதல் துண்டின் மேல் கர்சர் இருந்தால் அது ‘தம’ என்ற பெயருக்கு உரை தேடிப் போகும்.