எமர்ஜென்சியில் ஊமையாக இராத ஓர் இறையியலாளர்



எமர்ஜென்சி என்றாலே எனக்குத் திண்டிவனத்து டீக்கடைதான் ஞாபகம் வரும். 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். அதுவரை பேப்பரைச் சத்தமாகப் படித்து அரசியல் பேசிய அப்பா, மறுநாள் டீயைக் குடித்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "யார் என்ன கேட்டாலும் ஊமையா இரு" என்றார். பின்னாளில் விழுப்புரம் பக்கம் வாத்தியாராக இருந்தபோதும் நான் ஊமையாகத்தான் இருந்தேன். பிள்ளைகளுக்குத் தேதியைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன்.

ஓய்வுக்குப் பிறகுதான் எம்.எம். தாமஸைப் பற்றிப் படித்தேன். 1916-ல் கேரளத்தில் பிறந்தவர். சில காலம் பள்ளி ஆசிரியர். மார்த்தோமா சபையில் போதகராக விரும்பினார். கம்யூனிஸ்ட் சாயல் என்று சபை மறுத்தது. கம்யூனிஸ்ட் கட்சியில் சேரப் போனார். கிறிஸ்தவர் என்று கட்சி மறுத்தது. கடைசிவரை போதகர் பட்டம் பெறாமலே உலகறிந்த இறையியலாளர் ஆனார்.

1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மிசாவில் கைது. காவலில் இருப்பவர் நீதிமன்றத்தில் விடுதலை கேட்க முடியாது என்று 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ரயில் நேரத்துக்கு ஓடுகிறது என்று பலரும் மெச்சிக்கொண்ட காலம் அது. சபைத் தலைவர்களில் பலர் வாயே திறக்கவில்லை.

தாமஸ் எழுதினார். மீட்பு என்பது மறுமைக்கு மட்டுமல்ல, மனிதன் மனிதனாக வாழ்வதும் அதில் அடக்கம் என்பது அவர் இறையியல். அப்படியானால் சபை தன் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்க முடியாதல்லவா? அவருடைய சபைத் தலைவர் யூஹானோன் மார்த்தோமாவும், சிறையிலிருக்கும் தலைவர்களை விடுவிக்கும்படி இந்திரா காந்திக்கே கடிதம் எழுதினார். 1975 ஜூலை முதல் 1977 பிப்ரவரி வரை தாமஸ் எழுதியவை 1979-ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. கொடுங்கோன்மைக்குப் பதில் என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரல் 9-ல் தூக்கிலேறிய போன்ஹோஃபரை உலகம் அறியும். எமர்ஜென்சி ஹிட்லர் ஆட்சி அல்ல. ஆனால் பயம் எங்கும் ஒன்றுதான்.

1990-ல் தாமஸ் நாகாலாந்து ஆளுநரானார். 1992-ல் டெல்லியைக் கேட்காமல், முதல்வரின் ஆலோசனைப்படி சட்டமன்றத்தைக் கலைத்தார். பதவி போயிற்று. ஆள் மாறவில்லை.

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் நாங்கள் சிறுவர்கள். ஆனால் 1977-க்குப் பிறகும் ஊமையாகவே இருந்தேனே, அதற்கு என்ன காரணம் சொல்வேன்?

அந்த 21 மாதத்தில் உங்கள் ஊரில் பேசியவர் யாராவது உண்டா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.