என்.பி.ஏ. நடுவர் தீர்ப்பும் ரசிகர் மனக்குறையும்: பெடோவிட்ஸ் அறிக்கை குறித்து ஒரு மறுபரிசீலனை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் நடுவர்கள் மீது ரசிகர்களுக்கு உள்ள மனக்குறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2007 ஜூலையிலிருந்தே தொடங்குகின்றனர். என்.பி.ஏ.வில் 13 சீசன்கள் விசில் ஊதிய டிம் டோனகி, தாம் நடுவராக இருந்த ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டிய செய்தி அம்மாதம் வெளிவந்தது. ஆகஸ்ட் 15 அன்று அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். லீக் அமர்த்திய வழக்கறிஞர் லாரன்ஸ் பெடோவிட்ஸ் விசாரணை நடத்தி 2008 அக்டோபரில் அறிக்கை அளித்தார். இவ்விவகாரத்தின் முதன்மை ஆவணம் அதுவே. ஆனால் அந்த அறிக்கை கேள்வியை வகுத்துக்கொண்ட விதம் குறுகலானது. பின்னால் எழுதியவர்களும் அதே சட்டகத்துக்குள் நின்றுவிட்டதால், அதற்கு முன்பிருந்த அறுபது ஆண்டு வரலாறு வெறும் முன்கதையாகச் சுருங்கிவிட்டது.

லீக் 1946இல் தொடங்கியபோது நடுவர்களின் தலைவராக இருந்த பாட் கென்னடியைப் பார்க்கவே கூட்டம் வந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் உரத்த குரலும் ஆர்ப்பாட்டமான அங்க அசைவும் அவருடைய முத்திரைகள். 1950இல் லீக்கை விட்டு விலகிய அவர், வேடிக்கை ஆட்டங்களுக்குப் பேர்போன ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியுடன் ஊர் ஊராகச் சென்றார். அக்காலத்தில் ஒரு ஆட்டத்துக்கு இரண்டே நடுவர்கள். அரங்கத்தின் கூச்சலுக்கு அஞ்சிச் சொந்த ஊர் அணியின் பக்கம் சாய்வார்கள் என்பதே அவர்கள் மீதிருந்த முக்கியமான புகார். வெளியூர் அணிக்கும் நியாயம் கிடைக்கும் என்பதற்காகவே எர்ல் ஸ்ட்ராம் போன்ற ஒருவர் தனித்துப் புகழப்பட்டார் என்றால், மற்றவர்களிடம் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்பது விளங்கும். இங்கே நடுவரின் கண்ணும் துணிவும்தான் சந்தேகத்துக்கு உள்ளாயின. லீக்கின் நோக்கம் சந்தேகிக்கப்படவில்லை.

இந்தப் பழைய வகைக் கோபத்தின் உச்சம் 1976 ஜூன் 4 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் நிகழ்ந்தது. இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். பாஸ்டனுக்கும் ஃபீனிக்ஸுக்கும் இடையே இரண்டாவது கூடுதல் நேரம். ஜான் ஹாவ்லிசெக் பந்தைக் கூடையில் போட்டதும் பாஸ்டன் 111–110 என முந்தியது. ஆட்டம் முடிந்துவிட்டதென்று ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் பாய்ந்தார்கள். நடுவர் ரிச்சி பவர்ஸ் இன்னும் நேரம் மீதமிருக்கிறது என்று தீர்ப்பளித்தார். கூட்டத்திலிருந்த ஒருவர் அவர் மீது பாய்ந்து தாக்கினார். களத்தைக் காலி செய்து ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்குள், ஃபீனிக்ஸின் பால் வெஸ்ட்ஃபால் தம் அணிக்கு இல்லாத டைம்அவுட்டை வேண்டுமென்றே கேட்டார். அதற்குத் தண்டனையாக டெக்னிக்கல் ஃபவுல் விழுந்தது. ஜோ ஜோ வைட் எறிந்த ஃப்ரீ த்ரோவில் பாஸ்டன் 112–110 ஆனது. ஆனால் டைம்அவுட்டின் பயனாக ஃபீனிக்ஸுக்கு நடுக்களத்தில் பந்து கிடைத்தது. கார் ஹெர்ட் வளைத்து எறிந்த பந்து கூடையில் விழுந்து ஆட்டம் சமனானது. மூன்றாவது கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 128–126 என வென்றது.

இதே ஆட்டத்தில், பாஸ்டனின் பால் சைலஸ் தம் அணிக்கு இல்லாத டைம்அவுட்டைக் கேட்டுக் கைச்சைகை காட்டியதை பவர்ஸ் கவனத்தில் கொள்ளவில்லை என்ற குறை ஃபீனிக்ஸ் தரப்பில் நெடுங்காலம் நீடித்தது. ஒரே இரவில் இரு தரப்பும் ஒரே நடுவரைக் குறை சொன்னது இந்த ஆட்டத்தின் தனித்தன்மை. லீக் அளித்த பதிலும் கவனிக்கத்தக்கது: வெஸ்ட்ஃபாலின் உத்தி இனிப் பயன்தராதபடி விதியைத் திருத்தியது. புகார் விதியைப் பற்றியதாகவோ நேரக்கணக்கைப் பற்றியதாகவோ இருந்தவரை லீக்கிடம் விடை இருந்தது. நடுவரின் மதிப்பீட்டைப் பற்றிய புகாருக்கு அன்றும் விடை இல்லை. தாக்கிய ஒரு மனிதரை வைத்து அரங்கம் முழுவதின் மனநிலையை அளக்க இயலாது என்று மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அங்கே கோபம் ஒரு நடுவர் மீதும் ஒரு நொடி மீதும் பாய்ந்ததே தவிர, லீக் ஆட்டத்தை விற்றுவிட்டது என்ற குற்றச்சாட்டாக மாறவில்லை. இந்த வேறுபாடு வலுவானது. பெடோவிட்ஸ் அறிக்கையை எடைபோட அதுவே முதல் அளவுகோல்.

நடுவர் மீதான கோபம் எப்போது லீக் மீதான சந்தேகமாக மாறியது? ஓர் ஆண்டைத் திட்டமாகச் சுட்ட இயலாது. 1985இல் முதன்முறையாக நடந்த டிராஃப்ட் குலுக்கலில் பாட்ரிக் யூயிங் நியூயார்க் அணிக்குக் கிடைத்தபோது, உறையில் சூது இருந்தது என்ற பேச்சு எழுந்தது. லீக்கே முடிவுகளை வடிவமைக்கும் என்ற எண்ணம் அப்போதே உலவியதற்கு இது சான்று; ஆனால் அதில் நடுவருக்குப் பங்கில்லை. 1988 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பில் லைம்பியர் மீது விழுந்த ஃபவுலால் கரீம் அப்துல் ஜப்பாருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்து லேக்கர்ஸ் 103–102 என வென்றது. டெட்ராய்ட் ரசிகர்கள் இன்றும் அதை இல்லாத ஃபவுல் என்றே சொல்கின்றனர். மூன்றாவது நடுவர் 1978–79இல் ஒரு சீசன் சோதனையாக வந்து, நீக்கப்பட்டு, 1988–89இல் நிலையாகத் திரும்பினார். கண்கள் கூடியும் புகார் குறையவில்லை. 1994 மே மாதம் சிகாகோ 86–85 என முன்னிலையில் இருக்க, 2.1 நொடி மீதமிருந்தபோது ஸ்காட்டி பிப்பன் மீது ஹியூ ஹாலின்ஸ் ஃபவுல் கொடுத்தார். ஹூபர்ட் டேவிஸின் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் நியூயார்க் 87–86 என வென்றது. அந்த ஆட்டத்தில் உடன் நின்றவரும் நடுவர் குழுவின் மேற்பார்வையாளருமான டேரல் காரெட்சன், அது மிக மோசமான தீர்ப்பு என்று பின்னர் ஒப்புக்கொண்டார். தவறு என்று மேற்பார்வையாளரே சொன்ன பிறகும் முடிவு நின்றது. தீர்ப்புப் பிழைகளை லீக்கே வெளியிடத் தொடங்கிய 2015க்குப் பிறகு எழுந்த மனக்குறையின் முழு வடிவமும் இந்த 1994 நிகழ்வில் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து 2002 மே 31. சேக்ரமென்டோ கிங்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கும் இடையிலான மேற்கு மாநாட்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லேக்கர்ஸ் 106–102 என வென்றது. அது எறிந்த 40 ஃப்ரீ த்ரோக்களில் 27 நான்காவது கால்பகுதியில் மட்டும் வந்தவை. அதே கால்பகுதியில் கிங்ஸுக்கு 9. கிங்ஸின் இரு உயர ஆட்டக்காரர்கள் விளாடே டிவாக், ஸ்காட் பொலார்ட் இருவரும் ஆறு ஃபவுல் ஆகி வெளியேறினர். கடைசித் தருணத்தில் கோபி பிரையன்ட்டின் முழங்கை மைக் பிபியின் முகத்தில் பட்டு அவர் தரையில் விழ, ஃபவுல் எதுவும் கொடுக்கப்படவில்லை. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர், ஆணையர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கண்டனக் கடிதமே எழுதினார்.

2008 ஜூனில் டோனகி தம் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்த கடிதத்தில், 2002இன் ஓர் ஆறாவது ஆட்டத்தைத் தொடர் நீளவேண்டும் என்பதற்காக நடுவர்கள் வளைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. பெடோவிட்ஸ் அதை ஆராய்ந்து ஆதாரமில்லை என்றார். டோனகியைத் தவிர வேறு நடுவர் எவரும் என்.பி.ஏ. ஆட்டங்களில் பந்தயம் கட்டியதற்கோ, ரகசியத் தகவலைச் சூதாடிகளிடம் கொடுத்ததற்கோ சான்று கிடைக்கவில்லை என்றும் முடிவு கண்டார். இந்த முடிவுகளை மறுக்க இக்கட்டுரையிடம் ஆதாரம் இல்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. 27க்கு 9 என்ற கணக்கு மட்டும் எந்தச் சதியையும் நிறுவாது. அன்று 41 புள்ளி எடுத்த ஷகீல் ஓநீலைத் தடுக்க ஃபவுல் செய்வதைத் தவிர வழியில்லாமல் பல அணிகள் திணறிய காலம் அது.

குறை முடிவில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஆட்டம் விலைபோனதா என்று அறிக்கை கேட்டது. இல்லை என்ற விடை கிடைத்ததும், 2002 பற்றிய புகாரும் முடிந்துபோனதாகவே கொள்ளப்பட்டது. ஆனால் சேக்ரமென்டோ ரசிகரின் முறையீடு இரண்டு அடுக்குகள் கொண்டது. யாரோ திட்டமிட்டார்கள் என்பது மேலடுக்கு. மூன்றாவது கால்பகுதியில் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட உரசல் நான்காவதில் ஃபவுலாவது ஏன், அதற்கு யார் பொறுப்பு, பரிகாரம் என்ன என்பது அடியடுக்கு. மேலடுக்கைப் பெடோவிட்ஸ் அகற்றினார். அடியடுக்கை அவர் தொடவே இல்லை. விலைபோகாத நடுவர் ஒருவர் ஓர் ஆட்டத்தையே தவறாக முடித்துவைக்க முடியும் என்பதற்கு 1994 போதுமான சான்று.

காலவரிசையும் 2007 ஜூலைக் கோட்பாட்டுக்கு எதிராக நிற்கிறது. டோனகி செய்தி வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2007 மே தொடக்கத்தில், ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வூல்ஃபர்ஸ் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்களின் முடிவு நியூயார்க் டைம்ஸில் வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தது. 1991 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த அவர்கள், தங்கள் இனத்தைச் சேராத நடுவர் குழுவின் கீழ் ஆடும்போது ஆட்டக்காரர்கள் மீது சற்றே கூடுதலாக ஃபவுல் விழுகிறது என்று கண்டனர். ஸ்டெர்ன் இதை ஏற்கவில்லை. லீக் தன் சொந்த ஆய்வை முன்வைத்து மறுத்தது. டெவின் போப்புடன் சேர்ந்து அவ்விருவரும் பின்னர் செய்த தொடராய்வு, செய்தி பரவிய பின் அச்சாய்வு மறைந்துவிட்டது என்று காட்டியது. நடுவரின் சாய்வு பணத்தால் மட்டும் வருவதன்று, அவரே அறியாமலும் வரலாம், வெளிச்சம் பட்டால் குறையும் என்பவை இதனால் பெறப்படும் முடிவுகள். பெடோவிட்ஸ் வகுத்த கேள்வியில் இத்தகைய சாய்வுக்கு இடமே இல்லை.

அடுத்து வந்த 2007–08 சீசன் இன்னொரு சான்றையும் தருகிறது. 2007 டிசம்பரில் அட்லாண்டாவுக்கும் மயாமிக்கும் நடந்த ஆட்டத்தில், ஓநீலுக்கு ஐந்து ஃபவுல்களே இருந்தும் ஆறு என்று கணக்கு எழுதுவோர் தவறாகக் குறித்ததால் அவர் வெளியேற்றப்பட்டார். மயாமியின் முறையீட்டை லீக் ஏற்றது. கடைசி 51.9 நொடிகள் 2008 மார்ச் 8 அன்று மீண்டும் ஆடப்பட்டன. அதற்குள் ஓநீலே ஃபீனிக்ஸ் அணிக்கு மாறியிருந்தார். முடிவு மாறவில்லை. முறையீடு ஏற்கப்பட்டது 1982க்குப் பின் அதுவே முதல் முறை. எண்ணிக்கைப் பிழைக்கு ஆட்டத்தையே திரும்ப நடத்த முடிந்த லீக், மதிப்பீட்டுப் பிழைக்கு எதுவும் செய்யாது என்ற எல்லைக்கோடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. ரசிகர் மனக்குறையின் வேர் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

டோனகிக்குப் பின் வந்த சீர்திருத்தங்கள் பலவும் பெடோவிட்ஸின் கேள்விக்கே விடையளித்தன. உதாரணமாக, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பது ஆட்டநாள் காலையிலேயே அறிவிக்கப்பட்டது. அந்தத் தகவலின் சந்தை மதிப்பு போயிற்று. மற்ற கேள்வியை முதன்முதலில் தொட்டது 2015 மார்ச்சில் தொடங்கிய ‘கடைசி இரண்டு நிமிட அறிக்கை’. நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் இறுதி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை லீக்கே மறுநாள் மதிப்பிட்டு வெளியிடுகிறது. முதலில் ஐந்து புள்ளிக்குள் இருந்த ஆட்டங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பின்னர் அது மூன்றாகக் குறைக்கப்பட்டது.

இந்த ஆவணத்தின் அமைப்பை ஒரு கல்வெட்டைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கால்பகுதி, கடிகார நேரம், தீர்ப்பின் வகை, தவறு செய்த ஆட்டக்காரர், அதனால் பாதிக்கப்பட்ட ஆட்டக்காரர், மதிப்பீடு, விளக்கம் ஆகியவை இருக்கும். மதிப்பீடு நான்கு வகை: சரியாக ஊதியது, தவறாக ஊதியது, சரியாக ஊதாமல் விட்டது, தவறாக ஊதாமல் விட்டது. பாதிக்கப்பட்டவருக்குத் தனிப் பத்தி உண்டு. அந்தத் தீர்ப்பை வழங்கிய நடுவர் யார் என்பதற்கு வரிசையில் பத்தி இல்லை. பரிகாரத்துக்கும் இல்லை. இழப்பை ஒப்புக்கொண்டு, பொறுப்பையும் தீர்வையும் வெளியே நிறுத்தும் ஆவணம் இது. நடுவர் சங்கம் இதைக் கைவிடக் கோரியது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் சிலரும் எதிர்த்தனர். இரு தரப்பின் காரணங்களும் வேறு வேறாயினும், தவறை மட்டும் அறிவிப்பது எவருக்கும் ஆறுதல் தருவதில்லை என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர்.

2014–15இல் நியூ ஜெர்சியின் சீகாக்கஸ் நகரில் திறக்கப்பட்ட ரீப்ளே மையமும், 2019–20இல் வந்த பயிற்சியாளரின் மறுபரிசீலனைக் கோரிக்கையும் களத்திலேயே திருத்தும் வழியைச் சற்றே திறந்தன. ஆனால் தொடக்கத்தில் ஊதப்பட்ட விசிலைத்தான் கேள்வி கேட்க முடிந்தது. ஊதப்படாத விசிலுக்கு அது பொருந்தவில்லை. 2023 ஜனவரி 28 அன்று பாஸ்டனில், ஆட்டநேரம் முடியும் தறுவாயில் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கி எழும்பியபோது ஜேசன் டேட்டம் அவர் கையில் அடித்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது, விசில் வரவில்லை. லேக்கர்ஸின் பாட்ரிக் பெவர்லி களத்தோரப் புகைப்படக்காரரின் கேமராவை வாங்கி, அதிலிருந்த படத்தை நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதற்கு டெக்னிக்கல் ஃபவுல் கிடைத்தது. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 125–121 என வென்றது. தவறு நேர்ந்ததை நடுவர் தரப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஊதப்பட்ட விசிலின் நிலையும் பெரிதும் வேறன்று. 2024 பிப்ரவரி 12 அன்று ஹூஸ்டனில் ஆட்டம் சமனில் இருக்க, நியூயார்க்கின் ஜேலன் பிரன்சன் மீது கடைசி நொடிக்குள் ஃபவுல் கொடுக்கப்பட்டது. ஆரன் ஹாலிடே ஃப்ரீ த்ரோக்களை எறிந்து ஹூஸ்டனை வெல்லவைத்தார். அந்த ஃபவுலைக் கொடுத்திருக்கக் கூடாது என்று தலைமை நடுவர் ஆட்டம் முடிந்தவுடனேயே ஒப்புக்கொண்டார். நியூயார்க் முறையிட்டது. இது விதியைத் தவறாகக் கையாண்டதன்று, மதிப்பீட்டுப் பிழை என்று கூறி லீக் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 105–103 என்ற முடிவு பதிவேட்டில் அப்படியே நிற்கிறது.